கறுப்புப் பவளத் தஸ்பீஹும் காட்ட முடியாத கடுதாசியும்

ஆழ்கடலின் அடியிலே ஓர் உயிரை வளர்த்து, அந்த உயிருக்கு ஓர் அழகையும் கொடுத்து, அந்த அழகை எவர் கண்ணும் எட்டாத இருட்டிலே பத்திரமாக ஒளித்தும் வைத்த வல்ல அல்லாஹ்வின் திருப்பெயரைச் சொல்லித் தொடங்குகிறேன்.

தலைமைக் கதிரையை அலங்கரிக்கும் எங்கள் மாதர் சங்கத் தலைவி, எட்டாம் வகுப்போடு நின்றுபோன என்னைப் போன்றவர்களையும் எழுந்து நின்று பேச வைத்த பஸ்மினா டீச்சர் அவர்களே. உம்றாவின் கடமைகளை ஒரு மணி நேரமாக எங்களுக்கு ஊட்டிவிட்டு, இப்போது களைப்பாறித் தேநீர் குடிக்கும் மௌலவி அவர்களே. வருடா வருடம் எங்கள் ஊர் மக்களை அல்லாஹ்வின் வீட்டுக்கு அழைத்துப் போய், ஒருவரையும் தொலைக்காமல் திருப்பிக் கொண்டுவரும் பயணக்குழுத் தலைவர் தம்பி காலிதீன் அவர்களே. விருந்தினராக வந்து, வெட்கப்பட்டுக்கொண்டு ஓரத்துக் கதிரையில் அமர்ந்திருக்கும், இன்று நான் புகழ வந்திருக்கும் பாண்டிருப்பு மகள் தர்சினி அவர்களே. முன்வரிசையில் மூக்குக்கண்ணாடியோடு வீற்றிருக்கும் மூத்தோர்களே. பிள்ளைகளை மடியிலும் பேத்திகளை இடுப்பிலும் வைத்துக்கொண்டு, வெயிலையும் வீட்டு வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கும் என் தாய்மார்களே, தங்கைமார்களே. எங்கள் நற்பிட்டிமுனைச் சனங்களே, நாவிதன்வெளியிலிருந்து வந்தவர்களே. சொறிக்கல்முனையிலிருந்து அயலவர் என்ற அன்புக்காகவே வந்து அமர்ந்திருக்கும் என் தமிழ்ச் சகோதரிகளே. எல்லோருக்கும் என் ஸலாமும் வணக்கமும்.

பின்னால கேக்குதா? ஓமா? கேக்காட்டி கையைக் காட்டுங்க, நான் சத்தத்தைக் கூட்டுறன். என்ட புருசனைக் கேட்டா சொல்வார், கூட்டத் தேவையே இல்லையெண்டு.

என் பெயர் றம்ஸியா. தெரியாதவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். அடுத்த கிழமை நாற்பத்திரண்டு பேர் உம்றாவுக்குப் புறப்படுகிறீர்கள். அங்கே என்ன செய்ய வேண்டும் என்று மௌலவி சொல்லிவிட்டார். என்ன கொண்டுபோக வேண்டும் என்று காலிதீன் சொல்லிவிட்டார். அங்கிருந்து என்ன கொண்டுவரக் கூடாது என்று சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் இந்தக் கரையிலே கிடையாது. ஏனென்றால், கொண்டுவந்து பிடிபட்டவள் நான்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நானும் இப்போது சிரிக்கிறேன். அன்று சிரிக்கவில்லை.

என்னுடைய மச்சி அஸீஸாவை உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் வீட்டு மூத்த ஆண்பிள்ளை, என் காக்கா சீனிமுகம்மதுவின் மனைவி. காக்கா மௌத்தாகும்போது எனக்குப் பத்தொன்பது வயது. மச்சிக்கு அதைவிட நான்கே வயது கூட. மறுமணம் முடிக்காமல், தையல் மெஷினை மிதித்தே காலத்தை ஓட்டிய மனுஷி. இப்போது சீனி வருத்தம் என்கிற நீரிழிவு கண்ணை மங்க வைத்துவிட்டது, காலையும் கட்டிலோடு கட்டிவிட்டது. வாயைத் திறந்து யாரிடமும் ஒன்றும் கேட்டறியாதவள். நான் உம்றாவுக்குப் போகும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

"மச்சி, உங்கட காக்கா எனக்குக் கறுப்புப் பவளத்துல ஒரு தஸ்பீஹ் செஞ்சு தந்தவர். சுனாமியில அதுவும் போயிட்டு. மக்காவில விக்கிறாங்களாம். ஒண்டு கொண்டு வாங்களன். அத உருட்டிக்கிட்டே மௌத்தாகணும் எண்டு ஒரு ஆசை."

தஸ்பீஹ் என்றால் இறைவன் பெயரை எண்ணி ஓதும் மணிமாலை, சொறிக்கல்முனைச் சகோதரிகளே. கேட்காதவள் கேட்டால், கேட்ட மனம் சும்மா இருக்குமா? கஃபாவைச் சுற்றும்போதும் அந்தத் தஸ்பீஹ், ஸம்ஸம் குடிக்கும்போதும் அந்தத் தஸ்பீஹ், படுத்தால் கனவிலும் அந்தத் தஸ்பீஹ். மக்காவிலே கடை கடையாக ஏறினேன். எல்லாக் கடையிலும் கறுப்பு மணி உண்டு. எது பவளம், எது பிளாஸ்டிக்? என்னை ஏமாற்ற முடியுமா? நான் ஊரிலிருந்தே விசாரித்துக்கொண்டு போனவள். ஓர் ஊசியைச் சூடாக்கி மணியின் ஓரத்திலே மெல்லக் குத்தினால் பிளாஸ்டிக் உருகும். பவளம் உருகாது, முடி பொசுங்கின மணம் வரும். ஏழு கடையில் குத்தினேன். ஏழு கடைக்காரர்களும் ஏசினார்கள். அவர்கள் ஏசியது அரபியில், அதனால் எனக்கு வலிக்கவில்லை. எட்டாவது கடையில் மணம் வந்தது.

அதைக் கைக்குட்டையில் சுற்றி, என் கைப்பையின் உள்பைக்குள் வைத்தேன். ஊராருக்குக் கொடுக்க ஒரு பொதி பிளாஸ்டிக் தஸ்பீஹ் வேறு வாங்கிப் பெட்டிக்குள் போட்டேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். காலை ஒன்பது மணி இருக்கும். சுங்கத்தில் என் பெட்டியைத் திறக்கச் சொன்னது யார் என்று நினைக்கிறீர்கள்? இதோ, ஓரத்துக் கதிரையில் குனிந்துகொண்டிருக்கும் இந்தப் பிள்ளைதான்.

கொஞ்சம் நிமிர்ந்து இரு மகள். சனம் பாக்கட்டும்.

பிளாஸ்டிக் பொதியைத் தூக்கிப் பார்த்தாள். "இதெல்லாம் என்னம்மா?" என்று கேட்டாள்.

"தஸ்பீஹ் மகள். ஊர்ச் சனத்துக்குக் குடுக்க."

"பிளாஸ்டிக்தானே?"

"ஓம் மகள், பிளாஸ்டிக்தான்."

"சரிம்மா, நீங்க போகலாம்."

போகலாம் என்று சொல்லிவிட்டாள். பெட்டியை மூடிவிட்டாள். அடுத்தவரைக் கூப்பிட்டும் விட்டாள். நான் போனேனா? புத்தியுள்ளவள் போயிருப்பாள். எனக்கு அவளுடைய பேச்சு காதில் நின்றுவிட்டது.

"நீ எவடம் புள்ள? கதைக்கிறது நம்மட பக்கத்துக் கதை மாதிரி இரிக்கே."

"பாண்டிருப்பு."

"பாண்டிருப்பா? ஆர்ர மகள்?"

"பாக்கியராசா மாஸ்டர்ர மகள், மாமி."

அம்மா என்று சொன்ன வாய் மாமி என்று சொன்னதும் எனக்குள் என்னவோ குளிர்ந்தது. பாக்கியராசா மாஸ்டர் என் தம்பிக்குக் கணக்குப் படிப்பித்தவர். இருபது நாள் அரபியும் உருதும் கேட்டுக் கேட்டுக் களைத்த காதுக்கு, கட்டுநாயக்கவில் ஒரு கல்முனைப் பக்கத்துக் குரல். தாய்மார்களே, உங்களுக்குத் தெரியாதா? உம்றாவுக்குப் போய் வந்தால் ஊர் வந்து பார்க்கும். பெட்டியைத் திறந்து பாயில் பரப்புவோம். ஸம்ஸம் இது, பேரீச்சம்பழம் இது, அத்தர் இது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுவோம். நல்லதைக் கடைசியாகக் காட்டுவோம். அதுதானே எங்கள் வழமை. ஊர்ப் பிள்ளை ஒருத்தி முன்னால் நிற்கிறாள். அவளுக்கு மட்டமானதைக் காட்டிவிட்டு நல்லதைக் காட்டாமல் போனால் என்ன நினைப்பாள்? நற்பிட்டிமுனைச் சனம் மக்காவுக்குப் போய் பிளாஸ்டிக் வாங்கிக்கொண்டு வருகிறது என்றல்லவா நினைப்பாள்?

கைக்குட்டையை அவிழ்த்தேன். "நில்லு மகள். நீ கண்டது சும்மா சாமான். இதப் பாரு. அசல் கறுப்புப் பவளம்."

அவள் நல்ல பிள்ளை. எனக்கு ஒரு வழி வைத்தாள். "இதுவும் பிளாஸ்டிக்காத்தான் இரிக்கும் மாமி. கடைக்காரங்க ஏமாத்துவாங்க" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "என்னையா ஏமாத்துற? ஊசியச் சூடாக்கிக் குத்திப் பாத்துத்தான் வாங்கின நான். முடி பொசுங்கின மணம் வந்திச்சு. வேணுமெண்டா ஒரு ஊசி எடு, இப்பவே குத்திக் காட்டுறன்."

சபையோரே, இந்த நாட்டிலே எத்தனையோ பேர் பொருளை ஒளித்துக்கொண்டு வந்து பிடிபட்டிருப்பார்கள். பொருளையும் காட்டி, சாட்சியும் சொல்லி, ஊசியும் கேட்டுப் பிடிபட்டவள் நான் ஒருத்திதான்.

தர்சினியின் முகம் மாறியது. ஒரு வில்லைக் கண்ணாடியை எடுத்து மணி மணியாகப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மாமி, இதுக்குக் கடுதாசி தந்தவங்களா?"

"பில்லா? பில் இரிக்கு."

"பில் இல்ல மாமி. இது எந்தக் கடல்ல எடுத்தது, எடுக்கிறதுக்கு அனுமதி இருந்திச்சா எண்டு அந்த நாட்டு அரசாங்கம் எழுதித் தாற கடுதாசி."

"என்ன புள்ள கதை இது? தஸ்பீஹுக்குப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமா?"

"அதுக்கும் பிறப்பு இரிக்கு மாமி. இது கல்லில்ல, உசிர். உசிரா இருந்தது."

அந்த நேரம் தம்பி காலிதீன் என் பக்கத்தில் வந்து நின்றார். நான் சொன்னால் கோபிக்க மாட்டார், முதலே கேட்டுவிட்டேன். என் காதுக்குள் குனிந்து, "ராத்தா, உங்களுக்குச் சரியாத் தெரியாது, பிளாஸ்டிக்காத்தான் இரிக்கும் எண்டு சொல்லுங்க. அந்தப் புள்ளையும் விடுறதுக்குத்தான் பாக்குது. வேன் நிக்கிது" என்றார்.

நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். பிள்ளை என்னைப் பார்த்தது. ஒரு சொல் போதும். ஒரு சொல் சொன்னால் தஸ்பீஹ் என்னுடையது. ஒரு சொல் சொன்னால் மச்சியின் ஆசை நிறைவேறும். சொல்லலாமா? கஃபாவைக் கண்டு அழுத கண்ணீர் இன்னும் காயவில்லை. அந்தக் கண்ணோடு நின்று பொய் சொல்லலாமா?

"ஊசி குத்தின கதையையும் சொல்லிட்டன், காலிதீன். இனி என்னத்த மறைக்கிற?" என்றேன். பிறகு பிள்ளையிடம் திரும்பிச் சண்டை பிடித்தேன். பொய் சொல்லத்தான் மாட்டேன், சண்டை பிடிப்பேன். "நான் என்ன புலியையா புடிச்சுக்கிட்டு வந்த? ஆனையையா அவிட்டுக்கிட்டு வந்த? அல்லாஹ்வைத் திக்ர் செய்யிற சாமான் இது. நான் கள்ளியா?"

அதற்கு அவள் சொன்ன பதிலை நான் மறக்க மாட்டேன். "கள்ளி எண்டா ஒளிச்சிருப்பா மாமி. நீங்க கூப்பிட்டுக் காட்டினீங்க. தெரியாமச் செஞ்சதுக்கும் தெரிஞ்சு செஞ்சதுக்கும் வித்தியாசம் எனக்குத் தெரியும். ஆனா சாமானுக்கு அது தெரியாதே. அது வெட்டுப்பட்டது வெட்டுப்பட்டதுதானே."

ஒரு கதிரை தந்து, தண்ணீரும் தந்து, அவள் எனக்கு விளக்கிச் சொன்னாள். அவள் சொன்னதை எனக்கு விளங்கிய அளவுக்கு உங்களுக்குச் சொல்கிறேன். பிழை இருந்தால் அவள் திருத்துவாள்.

நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கும் முன்னரே, ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்து மூன்றிலே, நாடுகள் கூடியிருந்து ஓர் உடன்படிக்கை எழுதினவாம். சைட்டிஸ் என்று அதைச் சுருக்கிச் சொல்கிறார்கள். அழிந்துபோகும் ஆபத்திலுள்ள மிருகங்களையும் மரஞ்செடிகளையும் ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு வியாபாரமாகக் கொண்டுபோவதற்குக் கட்டுப்பாடு. இன்று நூற்றி எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. எங்கள் நாடும் எப்போதோ சேர்ந்துவிட்டது.

யோசித்துப் பாருங்கள். நூற்றி எண்பது நாடு. எங்கள் வாய்க்கால் தண்ணீரை மேல்வயல்காரனும் கீழ்வயல்காரனும் பங்கு போடுவதற்கு எத்தனை கூட்டம், எத்தனை மண்வெட்டிச் சண்டை? ஒரு குளத்துத் தண்ணீருக்கே நாங்கள் ஒத்துப்போகப் பாடுபடுகிறோம். வேறு வேறு மொழி பேசுகிறவர்கள், வேறு வேறு வேதம் ஓதுகிறவர்கள், ஒருவரோடு ஒருவர் யுத்தம் செய்கிறவர்கள்கூட, ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயில்லாத சீவன்களுக்காக ஒரே கடுதாசியில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். இது சின்ன விசயமா? எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மாஷா அல்லாஹ்.

அதிலே மூன்று பட்டியல் உண்டு. முதலாவது பட்டியலில் இருப்பவை அழிவின் வாசலில் நிற்பவை. புலி, ஆசிய ஆனை, கடலாமை. அவற்றை வியாபாரத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. இரண்டாவது பட்டியலில் இருப்பவற்றை இப்போது காக்காவிட்டால் அவையும் அந்த வாசலுக்குப் போய்விடும். அவற்றுக்குக் கடுதாசி வேண்டும். என்னுடைய கறுப்புப் பவளம் அங்கேதான் இருக்கிறது. எங்கள் காட்டிலே வளரும் வல்லப்பட்டை மரமும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே, வாசக் கட்டை என்று சொல்லி யாராவது ஒரு பார்சலைத் தந்து, அரபு நாட்டிலுள்ள சொந்தக்காரருக்குக் கொடுத்துவிடுங்கள் என்றால், பிரித்துப் பார்த்து வாங்குங்கள். பார்சலைப் பிரிப்பது நம்பித் தந்த அமானிதத்துக்குத் துரோகம் என்று நினைக்காதீர்கள். மூன்றாவது பட்டியல், ஒரு நாடு தன்னுடைய உயிரினத்தைத் தனியாகக் காக்க முடியாமல் மற்ற நாடுகளிடம் உதவி கேட்கும் பட்டியல்.

இன்னும் ஒன்று சொன்னாள், நான் நம்பவே இல்லை. எங்கள் மலைநாட்டிலே மூக்கில் கொம்பு வைத்த ஓணான் இருக்கிறதாம். அந்த ஓணானும் பட்டியலில் உண்டாம். எங்கள் ஓணானை ஒருத்தரும் களவாகக் கொண்டுபோய் விற்கக் கூடாது என்று உலகமே கூடிப் பேசி முடிவெடுத்திருக்கிறது. நாங்கள் கல்லெடுத்து எறிகிற ஓணானுக்கு, எங்கேயோ ஒரு தேசத்து மந்திரி கையைத் தூக்கியிருக்கிறார்.

"ஓணான் சாப்பாட்டுக்கும் உதவாதே ராத்தா" என்று அங்கே யாரோ சொல்கிறார்கள். ஓம் தங்கச்சி. நீயும் நானும்கூடச் சாப்பாட்டுக்கு உதவ மாட்டோம். எங்களைப் படைத்தவன் வைத்திருக்கிறானே.

பிறகு அந்தப் பவளத்தின் கதையைக் கேட்டேன். கடலுக்கடியில் மரம்போலக் கிளைவிட்டு நிற்குமாம், ஆனால் மரமல்லவாம். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சின்னச் சின்னச் சீவன்கள் கூடிக் கட்டிய வீடாம். சில இனம் ஒரு வருடத்துக்கு ஒரு முடியின் பருமன்கூடப் பருக்காதாம். என்னுடைய தஸ்பீஹின் ஒரு மணியைப் பிடித்துக் காட்டி அவள் சொன்னாள். "இந்தப் பருமனுக்கு வர எத்தின காலம் எண்டு என்னால சொல்லேலா மாமி. உங்கட உம்மாட உம்மா பிறக்க முந்தி இது வளரத் தொடங்கியிரிக்கும்."

நான் அந்த மணியைப் பார்த்தேன். சுப்ஹானல்லாஹ் என்று சொல்ல வாய் வந்தது. அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு ஒரு நொடி. அந்த நொடியை எண்ண ஒரு மணி. அந்த மணி உருவாக ஓர் ஆயுள், ஒருவேளை பல ஆயுள். அல்லாஹ் அவ்வளவு பொறுமையாக வளர்த்ததை, நாங்கள் எவ்வளவு அவசரமாக முறித்துவிட்டோம்.

எழுதினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், எச்சரித்து விட்டார்கள். தஸ்பீஹ் அங்கேயே நின்றுவிட்டது. நான் வேனில் ஏறினேன். கல்முனை வரும்வரைக்கும் ஒருவரோடும் கதைக்கவில்லை. காலிதீன் பயந்துபோய் இரண்டு தரம் எனக்குச் சுகமா என்று கேட்டார்.

டீச்சர் துண்டுச் சீட்டு அனுப்புகிறா. நேரமாம். டீச்சர், இவ்வளவு நேரம் நான் சொன்னது உலகத்துச் சட்டம். இனித்தான் என் வீட்டுக் கதை வருகிறது. இதை விட்டுவிட்டு இறங்கினால் பாதிச் சோற்றோடு எழும்பின மாதிரி. ஐந்து நிமிடம் தாருங்கள்.

இப்போது நான் சொல்லப்போவதை இந்த ஊரிலே ஒருவருக்கும் சொன்னதில்லை. அங்கே பொய் சொல்லாதவள் என்று நீங்கள் என்னை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். கேளுங்கள்.

அஸீஸா மச்சியின் வீட்டுக்குப் போனேன். ஸம்ஸம் கொடுத்தேன். பேரீச்சம்பழத்தைப் பிய்த்து வாயில் வைத்தேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். கேட்காமல், வலது கையை மட்டும் விரித்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள். அந்த வெறுங்கையைப் பார்த்ததும் என் தைரியமெல்லாம் போய்விட்டது. கண்ணும் மங்கிய மனுஷி. என் பைக்குள்ளே கறுப்பு நிறத்தில் பிளாஸ்டிக் தஸ்பீஹ் எத்தனையோ கிடக்கிறது. ஒன்றை எடுத்தேன். அவளுடைய கையில் வைத்தேன். இதுதான் பவளம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இது பவளம் இல்லை என்றும் சொல்லவில்லை.

கட்டுநாயக்கவில் நின்று நிமிர்ந்த நெஞ்சு, மச்சியின் கட்டிலடியில் குனிந்துவிட்டது. வாய் திறக்காமலும் பொய் சொல்லலாம் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

மச்சி அதை உருட்டினாள். மூன்று மணி, நான்கு மணி. நின்றாள். சிரித்தாள்.

"இது பிளாஸ்டிக் மச்சி."

"எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"உங்கட காக்கா கொண்டந்த பவளக் கொடிய அறுத்துத் தாறவர். ஒவ்வொரு மணியையும் தேச்சு மினுக்கினது நான். இந்த விரலுக்குத் தெரியாதா? அது கையில கிடந்தா கொஞ்ச நேரத்துல சூடேறும், சீவன் இரிக்கிற மாதிரி. இது சும்மா கிடக்கு."

நான் அழுதேன். கட்டுநாயக்கவில் நடந்ததை எல்லாம் சொன்னேன். தர்சினி சொன்னதைச் சொன்னேன், கடுதாசியைச் சொன்னேன், பட்டியலைச் சொன்னேன். அவள் கோபிப்பாள் என்று இருந்தேன். அவள் அந்தப் பிளாஸ்டிக் மணியை இன்னும் இரண்டு உருட்டினாள். பிறகு கேட்டாள். "அந்தப் பட்டியல்ல இது எப்ப சேர்ந்ததாம்?"

"எண்பத்தொண்டாம் ஆண்டாம், மச்சி."

"எங்களுக்குக் கலியாணம் நடந்தது எண்பத்து மூண்டு" என்றாள். "சட்டம் அப்பவே இருந்திரிக்கு. கேக்கத்தான் ஒரு புள்ள இருக்கல்ல."

எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான், இத்தனை வருடத்துக்குப் பிறகு, என் காக்கா எப்படி மௌத்தானார் என்ற கதையை அவள் சொன்னாள். சங்கு எடுக்க இறங்கி, சுகமில்லாமல் வந்து மௌத்தானார் என்றுதான் வாப்பா எங்களுக்குச் சொல்லியிருந்தார். சங்கு இல்லையாம். கறுப்புப் பவளமாம்.

"திருகோணமலைப் பக்கம் பாறைக் கடல்ல எடுத்தவர். வாங்கி வெளிநாட்டுக்குக் குடுக்கிற முதலாளிமார் வந்து நிண்டாங்க. மொதல் வருசம் எட்டுப் பாகம் ஆழத்துல கிடந்திச்சு. அங்க முடிஞ்சிட்டு. மறு வருசம் பதினஞ்சுக்குப் போனார். அங்கயும் முடிஞ்சிட்டு. வளர்றதுக்கு ஆரு விட்டாங்க? மறுகா இருபத்தஞ்சுக்கு இறங்கினார். நான் வேணாமெண்டு சொன்னன். இந்த ஒரு தரம் எண்டார். மேல வரக்குள்ள அவசரமா வந்துட்டாராம். கரைக்கு வரக்குள்ள காலு ரெண்டும் இழுத்துட்டு. மூணாம் நாள் மௌத்து."

என் காக்கா மூச்சடக்கி இறங்கிய மனுஷன் அல்ல, முதுகில் காற்றுச் சிலிண்டர் கட்டி இறங்கியவர். ஆழத்திலிருந்து அவசரமாக ஏறினால் உடம்பு தாங்காது என்று இன்று எல்லோருக்கும் தெரியும். அன்று அவருக்குச் சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் முதலாளி காத்துக்கொண்டு நின்றார்.

பிறகு என் மச்சி ஒரு வசனம் சொன்னாள். அவள் ஐந்தாம் வகுப்பு. மேடை ஏறாதவள், மைக் பிடிக்காதவள். ஆனால் நூற்றி எண்பது நாடும் கூடி எழுதிய அந்த உடன்படிக்கை முழுவதையும் கட்டிலில் கிடந்தபடியே ஒரு வசனத்தில் சொல்லிவிட்டாள்.

"வாங்குறதுக்கு ஆளில்லாத சாமானுக்கு எவன் மச்சி இருபத்தஞ்சு பாகம் இறங்குவான்?"

கேட்டீர்களா? நான் அந்தக் கடுதாசி பவளத்துக்குக் காவல் என்று நினைத்தேன். அது பவளத்துக்கு மட்டுமா காவல்? கட்டுநாயக்கவில் ஒரு மேசையடியில் நின்று ஒரு பிள்ளை கடுதாசி எங்கே என்று கேட்கிறாள். அந்தக் கேள்வி கடையைத் தாண்டி, முதலாளியைத் தாண்டி, தோணியைத் தாண்டி, கடலின் அடிவரைக்கும் போகிறது. அங்கே ஒரு கொடியை முறிக்க நீண்ட கையைப் பிடித்து நிறுத்துகிறது. அந்தக் கை எவளோ ஒருத்தியின் புருசனுடைய கை. எவளோ ஒருத்தியின் காக்காவுடைய கை. அவன் வீட்டுக்கு வருவான். அவனுடைய மனைவி இருபத்து மூன்று வயதில் வெள்ளை உடுத்த மாட்டாள்.

எந்தக் கடலிலோ, எந்த நாட்டிலோ, எந்த மொழி பேசுகிறவனோ, என் மச்சிக்காக ஒருவன் இறங்கியிருக்கிறான். நான் எட்டாவது கடையில் மணம் பிடித்து மகிழ்ந்தபோது அவனை நினைத்தேனா? அவன் மேலே வந்தானா, வரவில்லையா? எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்குத்தான் அந்தக் கடுதாசி.

மகள் தர்சினி, அன்றைக்கு உன்னோடு சண்டை பிடித்தேன். இன்றைக்கு இந்தச் சபை முன்னால் சொல்கிறேன். நீ என் தஸ்பீஹைப் பறிக்கவில்லை. என் காக்காவுக்கு யாரும் கேட்காத கேள்வியை, முப்பத்தெட்டு வருடம் பிந்தி, நீ என்னிடம் கேட்டாய். உன் உத்தியோகத்தை அல்லாஹ் உயர்த்துவானாக. உன் பெற்றோரை அவன் மகிழ்விப்பானாக. அழாத புள்ள, நான்தானே கதைக்கிறன்.

என்ன தங்கச்சி, கையைக் காட்டுற? அஸீஸா மச்சி இப்ப என்னத்துல எண்ணுறா எண்டா? நல்ல கேள்வி. நானும் அதைத்தான் கேட்டேன்.

பிளாஸ்டிக் தஸ்பீஹை மெதுவாக என் மடியில் வைத்துவிட்டாள். விரலை மடக்கினாள். ஒரு விரலுக்கு மூன்று கோடு. பெருவிரலால் ஒவ்வொரு கோட்டையும் தொட்டாள். சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ், சுப்ஹானல்லாஹ். ஒரு சுற்று முடிந்ததும் என் பக்கம் திரும்பிச் சொன்னாள்.

"இது எனக்குப் போதும் மச்சி. இந்தக் கையும் அவர் புடிச்சதுதானே."

உம்றாவுக்குப் போகும் நாற்பத்திரண்டு பேரும் உங்கள் வலது கையைக் கொஞ்சம் விரித்துப் பாருங்கள். போகும்போதும் அது உங்களோடு வரும், திரும்பும்போதும் அது உங்களோடு வரும். எந்த விமான நிலையத்திலும் அதற்குக் கடுதாசி கேட்க மாட்டார்கள். கஃபாவின் முன்னால் அந்தக் கையை ஏந்தும்போது, சீனிமுகம்மது என்று ஒரு பெயர் சொல்லி ஒரு துஆ கேளுங்கள். கடலுக்குள் இறங்கிய எல்லோருக்குமாக இன்னொன்று கேளுங்கள்.

கேட்டிருந்த தாய்மாருக்கும், துண்டு அனுப்பியும் பொறுத்திருந்த டீச்சருக்கும், தேநீர் ஆற விட்டுக் கேட்டிருந்த மௌலவிக்கும், என் வாயால் மேடையில் அகப்பட்ட காலிதீனுக்கும் நன்றி சொல்லி இறங்குகிறேன். சொறிக்கல்முனைச் சகோதரிகளுக்கு என் வணக்கம். எல்லோர் மீதும் அல்லாஹ்வின் சாந்தி இறங்கட்டும், கடலின் அடியில் இருட்டிலே வளர்ந்துகொண்டிருப்பவற்றின் மீதும்.